அம்மா போடும் ‘ம்’ அந்தப் பக்கம் போகவில்லை: லேண்ட்லைனை விட்டு ஃபைபர் போனுக்கு மாறிய அனுபவம்

“எங்க வீட்டு லேண்ட்லைனை சரண்டர் பண்ணிட்டு, ஃபைபர் கனெக்‌ஷனோட ஃப்ரீயா வர்ற போனுக்கே மாறிடலாமா? நீதான் மாறினியே, சொல்லு” என்று திருவொற்றியூர் தோழி கேட்டிருந்தாள். ரெண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. வேறு யாருக்காவது உதவட்டும் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன். நாங்கள் வடசென்னையில் தண்டையார்பேட்டை. மாறியது 2021-ல். போன வாரம் வீட்டுப் பெட்டியில் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி, போனை அதில்தான் சொருக வேண்டும்) ஏதோ அப்டேட் ஏறி, நான் மாதக்கணக்கில் அலைந்து சரிபண்ணி வைத்திருந்த ஒன்று மறுபடியும் கெட்டுப்போயிருக்கிறது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், தெரிந்தே படியுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது நிஜம். காசிமேட்டுக் கடற்காற்று படுகிற தெருக்களில் காப்பர் லைன், அதாவது செப்புக் கம்பியில் வரும் பழைய லேண்ட்லைன், வைத்திருந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வீடுகளுக்கு லைனைப் பிரித்துவிடும் டிபி பாக்ஸைத் திறந்தால் இணைப்புகளெல்லாம் பச்சைக் களிம்பு. ஐப்பசி மழை பிடித்ததும் போனில் கரகரப்பு ஆரம்பிக்கும். கேபிள் ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினால் யாரோ ரெண்டு பேர் பேசுவது நம் போனில் கேட்கும். ரோட்டை எவராவது தோண்டினால் லைனே செத்துவிடும். புகார் கொடுத்துவிட்டு, லைன்மேன் எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கண்ணாடி இழையில் போவது வெளிச்சம். அதற்குக் களிம்பும் கிடையாது, மழைக் கரகரப்பும் கிடையாது. மாறிய பிறகு ஒரு மழைக்காலத்தில்கூட இரைச்சல் கேட்டதில்லை. பில்லும் குறைந்தது. தூத்துக்குடிக்கு எத்தனை மணி நேரம் பேசினாலும் தனிக் காசு இல்லை. எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

‘ஹெச்.டி. வாய்ஸ்’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய டெலிபோன் ஒலி 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். ஹெச்.டி. என்பது 7000 வரை போகும். ஆனால் உங்கள் பழைய போனையே பெட்டியின் பின்பக்கத் துளையில் சொருகினால், பொதுவாகக் கிடைப்பது அந்தப் பழைய 3400-தான். எங்கள் வீட்டில் குரல் துலக்கமாகக் கேட்கிறதென்றால், அது இரைச்சல் போனதால் வந்த துலக்கம். அப்புறம், டயல் சுற்றுகிற பழைய போன் இருந்தால் அதில் அழைப்பு வரும், பேசலாம். டயல் செய்வது பெரும்பாலும் நடக்காது, பல பெட்டிகளுக்குப் பட்டன் டோன் மட்டும்தான் புரியும்.

கம்பெனி மாறினால் நம்பர் போய்விடும். இதையும் முன்பே சொல்லிவிடுகிறேன். அப்படி மாறினாலும் நம்பரை வைத்துக்கொள்ளும் வசதி நம் நாட்டில் மொபைலுக்கு மட்டும்தான், 2011-லிருந்து. வீட்டு போனுக்குக் கிடையாது. அப்பா பெயரில் வாங்கிய நம்பர், அக்கா கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த நம்பர், கேஸ் புக்கிங்கில் பதிந்திருந்த நம்பர், எல்லாம் போயிற்று. அம்மா ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் புது நம்பரைச் சொன்னாள்.

மாடியிலும் கீழேயும் போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியில் போன் துளை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். சுவருக்குள் ஓடும் பழைய போன் ஒயரிலேயே அதைச் சேர்த்துவிட்டால் எல்லா அறையிலும் மணி அடிக்கும், ஆனால் தெருவிலிருந்து வரும் காப்பர் ஜோடியை முதலில் கழற்றிவிட வேண்டும். அதில் எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் வந்துகொண்டிருக்கலாம். அப்படியே சேர்த்தால் புதுப் பெட்டி கெட்டுப்போகலாம்.

அந்த 48 வோல்ட்தான் அடுத்த விஷயம். பழைய போனுக்கு வீட்டுக் கரண்ட் தேவையே இல்லை. எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து அந்த ரெட்டை ஒயர் வழியாகவே அதற்கு வேண்டியது வந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. எங்கள் லேண்ட்லைனில் டோன் இருந்தது. தெருவே எங்கள் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்ட் போனதும் கொஞ்ச நேரத்தில் புது போன் அடங்கிவிட்டது. வயதானவர்கள் இருக்கிற வீட்டில், அவசரத்துக்கு 108 அடிக்க முடியாத போன் ஒரு போனா என்று அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆனால் இதற்கு மருந்து உண்டு. ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். வாங்கி வைக்கலாம். வாங்கும்போது அட்டையில் இருக்கும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். பேட்டரியின் கொள்ளளவு 8000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 12 வோல்ட்டுக்கு மாற்றினால் மூன்றில் ஒரு பங்குகூட முழுசாகத் தேறாது. பெட்டி அரை ஆம்பியருக்கு மேல் இழுத்தால் மூன்று நான்கு மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளுங்கள்: தெருவில் இருக்கும் இணைப்புப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டுமா வேண்டாமா என்று. ‘பான்’ முறையில் இழுத்திருந்தால் நடுவழியில் கரண்டே தேவையில்லை, ஒளியைப் பிரிக்கிற வெறும் கண்ணாடிதான் இருக்கும். சில கேபிள்காரர்கள் மொட்டை மாடியிலும் கம்பத்திலும் ஸ்விட்ச் பெட்டி வைத்து இழுத்திருப்பார்கள். அந்தப் பெட்டி அணைந்தால் உங்கள் வீட்டில் எத்தனை யு.பி.எஸ். இருந்தும் பிரயோஜனம் இல்லை.

கரண்ட் பிரச்சினை காசு கொடுத்தால் தீர்கிறது. காசு கொடுத்தும் தீராத ஒன்றுக்கு வருகிறேன்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. சித்தி அங்கேதான் இருக்கிறாள். சித்தப்பா தவறிய பிறகு தினமும் சாயங்காலம் சித்தி கூப்பிடுவாள். பேசுவது முழுக்கச் சித்திதான். அம்மா கேட்பாள். எப்படிக் கேட்பாள் என்றால், ‘ம்… ம்… ம்…’ என்று. அதில் ஆமாம் உண்டு, அப்படியா உண்டு, அழாதே உண்டு. கதை சொல்கிறவருக்கு உம் கொட்ட ஆள் இல்லாவிட்டால் கதை நகராது என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

புது போன் வந்த கொஞ்ச நாளில் சித்தி நடுவில் நடுவில் நிறுத்தி, “யக்கா, இருக்கியா?” என்று கேட்க ஆரம்பித்தாள். அம்மா, “ஏட்டி, இங்கனதான் இருக்கேன், சொல்லு” என்பாள். திரும்பவும் கொஞ்ச நேரத்தில், “யக்கா?” நாளாக நாளாகச் சித்தி சீக்கிரம் வைத்துவிட ஆரம்பித்தாள். ஒருநாள் என்னிடமே செல்லில் கூப்பிட்டு, “அம்மைக்கு நான் பேசுதது சடைப்பா இருக்கு போல. ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கா” என்றாள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அம்மா அந்த நேரமெல்லாம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உம் கொட்டிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அன்று ராத்திரியே சோதித்துப் பார்த்தேன். என் செல்லிலிருந்து வீட்டு போனுக்கு அடித்தேன், அம்மாவை எடுக்கச் சொல்லி எதிரிலேயே உட்கார்ந்தேன். ‘ஹலோ’ கணீரென்று வருகிறது. நான் பேசப் பேச அம்மா ‘ம்’ என்கிறாள். உதடு மூடியிருப்பதையும் தொண்டை அசைவதையும் பார்க்கிறேன். செல்லில் ஒன்றுமே இல்லை. காற்றுச் சத்தம்கூட இல்லை.

காரணம் இரண்டு. இந்த முறையில் குரலை 20 மில்லி செகண்ட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் பொட்டலமாக்கி அனுப்புகிறார்கள். யாரும் பேசாத நேரத்துத் துண்டுகளை எதற்கு அனுப்ப வேண்டும் என்று ‘சைலன்ஸ் சப்ரஷன்’ என்ற ஏற்பாடு உண்டு. பேச்சா, சும்மா இருக்கும் சத்தமா என்று பெட்டியே தீர்மானிக்கும். வாயை மூடிக்கொண்டு மெதுவாகச் சொல்லும் ‘ம்’ அதற்குப் பேச்சாகத் தெரியவில்லை. இரண்டாவது, எதிரொலியை அடக்கும் ஏற்பாடு. அந்தப் பக்கம் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இந்தப் பக்கத்திலிருந்து சன்னமாக வரும் எதையும் எதிரொலியின் மிச்சம் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். உம் கொட்டுவது என்பதே அடுத்தவர் பேசும்போது சன்னமாகச் செய்வதுதானே! இரண்டும் சேர்ந்து அம்மாவின் ‘ம்’மை மொத்தமாகத் துடைத்துவிட்டது. இப்படி வெட்டின இடத்தில் மனிதருக்கு லைன் செத்த மாதிரி தோன்றும் என்பதால், லேசான இரைச்சலைச் செயற்கையாகப் போட்டு நிரப்பவும் வழி இருக்கிறது. அதற்கு ‘கம்ஃபர்ட் நாய்ஸ்’ என்றே பெயர். எங்கள் இணைப்பில் அதுவும் சரியாக வேலை செய்யவில்லை.

காப்பர் லைனின் கரகரப்பைத் திட்டினேனே, அந்த லைனில் எந்நேரமும் ஒரு மெல்லிய ஓசை ஓடிக்கொண்டிருக்கும். எதிரில் ஆள் இருக்கிறார் என்று அது சொல்லும். அம்மா விடும் பெருமூச்சுகூட அதில் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தது.

இதைச் சரிசெய்யும் பொத்தான் எங்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்த அமைப்புகள் இருக்கும் திரைப்பக்கம் கம்பெனியின் கடவுச்சொல்லுக்குப் பின்னால் பூட்டியிருக்கிறது. சரி, வேறு கருவி வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்றால், அதற்கு வேண்டிய விவரத்தை எங்கள் கம்பெனி தருவதில்லை. கஸ்டமர் கேரில் ஒவ்வொரு தடவையும் நெட் ஸ்பீடு சோதிப்பார்கள். “ஸ்பீடு கரெக்டா வருதே மேடம்” என்பார்கள். ஒரு குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட்டும் கொஞ்சம் மேற்செலவும் போதும். ஸ்பீடுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்கு வந்த பையன்களும் ‘ஹலோ ஹலோ’ என்று கத்திப் பார்த்துவிட்டு, “லைன் கிளீனா கீதுக்கா” என்று போய்விட்டார்கள்.

கடைசியில் வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி வந்தான். அவனை அம்மா எதிரில் உட்காரவைத்து, நான் செய்த சோதனையையே செய்ய வைத்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. “எங்க ஆயாவும் இப்டிதான்க்கா பேசும்” என்றான். ஆபீசில் யாரிடமோ பேசி, சைலன்ஸ் சப்ரஷனை அணைத்து, எதிரொலி அடக்குவதைக் குறைத்து, அம்மா பக்கத்துச் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டான். அன்று சாயங்காலம் சித்தி ரொம்ப நேரம் பேசினாள். நடுவில் ஒரு தடவைகூட “இருக்கியா” வரவில்லை. அந்தத் தம்பி நல்லா இருக்கணும்.

போன வாரம் அப்டேட் ஏறியிருக்கிறது. இந்தப் பெட்டிகளைக் கம்பெனி தூரத்திலிருந்தே நிர்வாகம் செய்யும். அமைப்புகளை மொத்தமாகத் தள்ளும்போது ஒரு வீட்டுக்கென்று செய்த மாற்றம் அழிந்துவிடும். சித்தி மறுபடியும், “யக்கா? யக்கா?” என்கிறாள். அம்மா இப்போது உம் கொட்டுவதை விட்டுவிட்டு, “சொல்லு, சொல்லு” என்று சத்தமாகச் சொல்கிறாள். சித்தி அழும்போது ‘சொல்லு’ என்றா சொல்ல முடியும்?

தோழிக்கு என் பதில் இதுதான். செலவு, மழை, இரைச்சல், எதை எடுத்துப் பார்த்தாலும் புது போன்தான் ஜெயிக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் மாறாதே. உன் வீட்டுக் காப்பர் லைனில் இன்றைக்கும் டோன் வருகிறதென்றால், துபாயில் இருக்கும் உன் தம்பியோடு அப்பா அந்த போனில்தான் பேசுகிறாரென்றால், அதை சரண்டர் பண்ணாதே. நெட்டுக்கு ஃபைபர் போட்டுக்கொள், போனைத் தொடாதே. இரண்டு பில் வந்தாலும் பரவாயில்லை. அந்த லைன் தானாகச் செத்து, இனி சரிசெய்ய மாட்டோம் என்று அவர்கள் கைவிரிக்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படி ஒரு நாள் வந்து புது இணைப்பு போட ஆள் வந்தால், அவனை ‘ஹலோ’ சொல்ல விடாதே. துபாய்த் தம்பிக்கு போன் போட்டு, தம்பியைப் பேசச் சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் அப்பாவை ‘ம்’ மட்டும் போடச் சொல். அது துபாயில் கேட்டால்தான் கையெழுத்துப் போடு.