கார் முன்பக்கம் டொக்கு டொக்குனு சத்தம் வந்தா உடனே ஷாக் (குலுக்கலத் தாங்கற ஷாக் அப்சார்பர்) மாத்திராதீங்க, 14,500 ரூபாய்க்கு ஏமாந்து வந்திருக்கேன்

என்கிட்ட இருக்கறது 2009 மாடல் ஸ்விஃப்ட். போன மாசம் வண்டியோட முன்னாடி இடது பக்கம் டொக்கு டொக்குனு ஒரு சத்தம். மெயின் ரோட்ல ஒண்ணும் தெரியாது, எங்க தெருவுல பாதாள சாக்கடைக்கு தோண்டி அரைகுறையா மூடுன பள்ளத்துல மெதுவா உருட்டும்போது மட்டும் அடியில யாரோ சுத்தியல்ல தட்டுற மாதிரி கேக்கும்.

பைபாஸ்ல ஒரு ஒர்க்‌ஷாப், ஏசி ரூம், சோபா எல்லாம் போட்டு பளபளன்னு இருந்துச்சேன்னு போனேன் (அங்கயே முழிச்சிருக்கணும்). ஒரு பையன் இடது பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு சக்கரத்த ரெண்டு ஆட்டு ஆட்டுனான், வண்டிய ஓட்டிக்கூட பாக்கல, "சார் ரெண்டு ஷாக்கும் போச்சு, லோயர் ஆர்மும் போச்சு, இப்படியே ஓட்டுனா சக்கரம் கழண்டுரும்"னுட்டான் (லோயர் ஆர்ம்னா சக்கரத்த வண்டி அடியோட சேத்துப் பிடிக்கற இரும்புக் கை). கொழந்தைங்கள ஸ்கூலுக்கு கூட்டிட்டு போற வண்டி, பயந்துபோய் சரின்னுட்டேன். சாயங்காலம் 14,500 கட்டிட்டு எடுத்துட்டு வந்தா அதே தெரு, அதே பள்ளம், அதே டொக்கு.

திரும்பப் போனா "புது பார்ட்ஸ் சார், செட் ஆக 500 கிலோமீட்டர் ஓடணும்"ங்கறாங்க. அதையும் ஓட்டிட்டுப் போனா இப்ப ஸ்டீரிங் ராக் (ஸ்டீரிங் திருப்புறத சக்கரத்துக்குக் கொண்டு போற பாகம்) போயிருக்கு, இன்னொரு 18,000 ஆகும்னு சொல்றாங்க. கழட்டுன பழைய சாமான் எங்கன்னா ஸ்கிராப்ல போட்டாச்சாம்.

வெறுத்துப்போய் எங்க ஏரியா தகர ஷெட் மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். அவரு வண்டியத் தொடறதுக்கு முன்னாடி கேட்டது ஒண்ணுதான், "தம்பி, ஸ்பீடு பிரேக்கர்ல ரெண்டு சக்கரமும் சேந்து ஏறுனா சத்தம் வருதா, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்துல விழுந்தா வருதா?" ஒரு சக்கரம் விழுந்தாதான்ணேன்னேன். "அப்ப லிங்க் ராடா இருக்கும்"னுட்டாரு. முன்னாடி இடது, வலது பக்க சஸ்பென்ஷன சேக்கற கம்பிதான் ஸ்டெபிலைசர் பார், அதோட ரெண்டு முனையையும் சஸ்பென்ஷனோட கோக்கற சின்னக் கம்பிதான் லிங்க் ராடு. ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறுனா ஸ்டெபிலைசர் பார் முறுக்காது, லிங்க் ராடுக்கு வேலையே இல்ல, ஒரு பக்கம் மட்டும் எறங்குனாதான் அது இழுபட்டு தேஞ்ச ஜாயிண்ட் தட்டுமாம். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கியில தூக்குனா பார் முறுக்கி லிங்க் ராடு டைட்டா நின்னுக்கும், ஆட்டம் தெரியாதாம், அந்தப் பையன் பண்ணது அதான். இவரு நாலு சக்கரமும் தரையில நிக்க, அடியில கைய விட்டு லிங்க் ராட ஆட்டச் சொன்னாரு, ஆட்டுனேன், விரல்லயே டக்கு டக்குனு தெரியுது!

இன்னொரு கூத்து கேளுங்க. இடது லோயர் ஆர்ம்ல அண்ணன் சாவியால ஒரு கீறு கீறுனாரு, கருப்பு பெயிண்டுக்கு அடியில துரு. அதோட மூட்டுல இருக்கற புஷ் ரப்பர் மேலயும் பெயிண்ட் வழிஞ்சு காஞ்சிருக்கு. பழசுக்கே ஸ்பிரே அடிச்சு புதுசுன்னு காசு வாங்கிருக்கானுங்க. சண்டைக்குப் போகலாம்னா பில்லுல "ஃப்ரண்ட் சஸ்பென்ஷன் ஒர்க்"னு ஒத்த வரிதான், எந்த பார்ட், எந்த நம்பர், எதுவும் இல்ல. நீங்களாவது பார்ட் வாரியா எழுதி வாங்குங்க, கழட்டுன பழசு கைக்கு வந்த பிறகு காசக் குடுங்க.

லிங்க் ராடு ஜோடி, கூலி எல்லாம் சேத்து 1,400 ஆச்சு, சத்தம் போயே போச்சு. பழைய லிங்க் ராடு ரெண்டையும் நான் கேக்காமலே அண்ணன் டிக்கியில போட்டு விட்டாரு, இப்ப திரும்பும்போதெல்லாம் அங்க அது உருண்டுட்டு கெடக்கு.