கேள்வி கேட்டுத்தான் குட்டி தருகிறார்கள்: ஒரு லாப்ரடார் நாய் வளர்ப்பகம்

இங்கே முதலில் பார்க்க வேண்டியது தாய், தந்தை இரண்டின் இடுப்பு எக்ஸ்ரே. இரண்டு வயது முடிந்தபின் எடுத்தவை. ஒரு வயதில் எடுத்த படத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். மூட்டுக் கோளாறு அதற்குப் பிறகும் தலைகாட்டும். பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் விழித்திரை நோய்க்கு மரபணுச் சோதனை அறிக்கையும் உண்டு. தாய் அந்த மரபணுக் குறையைச் சுமக்கிறது, அதாவது அதற்கு நோய் வராது, ஆனால் குறையைக் குட்டிக்குக் கடத்தலாம்; தந்தையிடம் அது இல்லை. இந்தச் சேர்க்கையில் குட்டிகளுக்கு அந்த நோய் வராது, ஆனால் ஒவ்வொன்றும் குறையைச் சுமக்க 50% வாய்ப்புண்டு. அதையும் மறைக்காமல் எழுதித் தருகிறார்கள்.

விசாரணை கடுமைதான். பகலில் நாய் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்? வாடகை வீடா? அப்படியென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் எங்கே? வீட்டார் அனைவரும் நேரில் வர வேண்டும். பிறந்தநாள் பரிசு என்றால் மறுத்துவிடுகிறார்கள். சிலருக்கு எரிச்சல் வரும். எங்களுக்கு இந்த இடம் பிடித்ததே இதனால்தான். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தருவதில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து கொடுத்த குடற்புழு மருந்து, முதல் தடுப்பூசி எல்லாம் தேதியோடு அட்டையில் இருக்கின்றன. வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம்.

ஒரு குறை: பழகிய தீவனத்தைக் கையோடு தருவதில்லை. திடீரென மாற்றினால் வயிற்றுப்போக்கு வரலாம். பெயரைக் கேட்டு அதையே வாங்கி, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.