வீட்டு முற்றத்துக்குப் பவளமல்லியா, சரக்கொன்றையா?

நெல்லைச் சீமையில் வீட்டு வாசலில் ஒரு பூமரம் வைக்க விரும்புவோர் பெரும்பாலும் பூவின் அழகைப் பார்த்தே கன்று வாங்குகிறார்கள். ஆனால் இங்கே மரம் தங்குமா என்பதை முடிவு செய்பவை மனையின் அகலமும், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பும், ஆனி ஆடியில் மேற்கேயிருந்து ஓயாமல் வீசும் காற்றும்தான்.

சரக்கொன்றையின் அழகை மறுக்க முடியாது. மற்ற மரங்கள் வாடி நிற்கும் சித்திரை, வைகாசி வெயிலில் இலைகளை ஏறக்குறைய முழுதும் உதிர்த்துவிட்டு மஞ்சள் சரங்களை மட்டும் தொங்கவிடும் மரம் வேறு எது? சிவனுக்கு உகந்த பூ என்பதால் அதை வீட்டில் வளர்க்கும் ஆசையும் இயல்பானதே. எனினும் அது 30 அடிக்கு மேல் வளரக்கூடியது, நாள் முழுதும் வெயில் கேட்பது, ஒரு அடிக்கு மேல் நீண்ட கறுத்த காய்களை முற்றத்தில் உதிர்ப்பது. இலைகளை மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழுக்கள் தின்னும். வளர்ந்த மரம் மீண்டும் துளிர்த்துவிடும், இளங்கன்றில்தான் புழுக்களைக் கையால் பொறுக்கிவிட வேண்டும். பத்து சென்ட் இடமும் மின்கம்பி போகாத மூலையும் உள்ளவர்கள் கொன்றையைத் தயங்காமல் வைக்கலாம்.

பாளையங்கோட்டைப் பக்கத்துப் புதுக் குடியிருப்புகளில் காணும் மூன்று, நான்கு சென்ட் மனைகளுக்குப் பவளமல்லியே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. வெட்டிவிட்டால் பத்தடி உயரத்துக்குள் அடங்கி நிற்கும். சுற்றுச்சுவரின் அரைநிழலையும் பொறுத்துக்கொள்ளும், பூ மட்டும் சற்றுக் குறையும். இலையைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். ஆவணிக்குப் பின் மாலையில் விரியும் பூக்கள் விடிவதற்குள் தரையில் கொட்டிக் கிடக்கும். 5 முதல் 8 வரை பிரிந்த வெள்ளை இதழ்களும் பவள நிறக் காம்புமாக அவற்றைப் பொறுக்கிச் சாமிக்குச் சாத்தலாம், உதிர்ந்த பூ ஆகாது என்ற வழக்கம் இதற்கு விலக்கு. இதற்கு ஆகாதது வேரில் தேங்கும் தண்ணீர். ஆகவே கரிசல் மண்ணில் குழியை மேடாக்கி, மணலும் மக்கிய சாணமும் கலந்து நட வேண்டும். செம்மண்ணில் கறையானுக்காகக் கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு சேர்ப்பது நல்லது.

அதைவிடச் சிறிய இடமானால் வெள்ளை மந்தாரை போதும். ஆறேழு அடியிலேயே பூக்கும். கடலோரத்து உப்புத் தண்ணீருக்கு ஈழத்தலரி தாங்கும். அதன் கிளையை வெட்டி, பால் காயும்வரை ஒரு வாரம் நிழலில் போட்டு வைத்த பிறகே நட வேண்டும். அந்தப் பால் கண்ணில் படக் கூடாது.

எதை வைத்தாலும் புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பிடித்துவிடும். மேல்காற்று தொடங்குமுன் கன்றின் மேற்குப் பக்கம் ஒரு கம்பு ஊன்றி, பட்டை உராயாதபடி பழைய துணியால் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். பவளமல்லி புதுத்தளிரின் நுனியில் பூப்பதால் பூ ஓய்ந்த பின், தை அல்லது மாசியில் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால், அடுத்த ஆவணிக்குள் பக்கக் கிளைகள் நிறைய வந்து பூவும் கூடும்.