அலாஸ்காவின் கடற்கரைச் சமவெளி: தோண்டுவதா, விட்டுவைப்பதா?

ஆர்க்டிக் வனவிலங்குக் காப்பகத்தின் கடற்கரைச் சமவெளி ஏறக்குறைய 15 லட்சம் ஏக்கர். அங்கே எண்ணெய்க்காகத் தோண்டலாமா என்பதுதான் கேள்வி.

தோண்டலாம் என்ற தரப்பின் வலுவான குரல் வாஷிங்டனில் இல்லை; சமவெளியை ஒட்டிய காக்டோவிக் கிராமத்தில் இருக்கிறது. பள்ளியும் குழாய்நீரும் எண்ணெய் வரியால்தான் வந்தன என்கிறார்கள் அங்கு வாழும் இன்யூபியட் பழங்குடியினரில் பலர். எண்ணெய் இறக்குமதி குறையும் என்ற வாதமெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

விட்டுவைப்போம் என்பவர்கள் கரிபு மான்களைக் காட்டுகிறார்கள். போர்க்குப்பைன் எனப்படும் கரிபு மந்தை பெரும்பாலும் குட்டி ஈனுவது இங்கேதான். கோடையில் கொசுக்கடி தாங்காமல் ஓடி வந்து நிற்பதும் கடற்காற்று வீசும் இதே கரையில்தான். குவிச்சின் பழங்குடியினருக்கு அந்த மந்தையே உணவு.

2017இல் எண்ணெய் எடுக்கச் சட்டம் வழிவிட்டது. ஆனால் 2021இல் நடந்த நிலக் குத்தகை ஏலத்துக்குப் பெரிய எண்ணெய் நிறுவனம் எதுவும் வரவில்லை. 2025 ஜனவரி ஏலத்தில் ஒருவர்கூட விலை கேட்கவில்லை. எனவே என் ஓட்டு விட்டுவைப்பதற்கே. காக்டோவிக்கின் வருமானத்துக்கு மாற்று வழி என்ன என்ற கேள்விக்கு மட்டும் எங்கள் தரப்பின் பதில் இன்னும் பாக்கி.