டீப் கிளீனிங்குக்கு அப்புறம் வரும் பல் கூச்சம்: ஒன்றரை வருடம் பார்த்ததில் எது கேட்டது, எது கேட்கவில்லை

ஈறு நோய்க்கு டீப் கிளீனிங் (ஈறுக்கு அடியில் வேர்வரை கட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுப்பது) செய்துகொண்ட யாரைக் கேட்டாலும் "சுரண்டிச் சுரண்டி எனாமலையே எடுத்துட்டாங்க, அதான் கூசுது" என்பார்கள். எனக்குச் செய்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. கூச்சம் வந்தது உண்மை, இப்போது முக்கால்வாசி போய்விட்டதும் உண்மை, ஆனால் காரணம் அதுவல்ல. ஈறு வீங்கியிருந்தவரை அந்த வீக்கமும் அடியில் கட்டியிருந்த காரையும் சேர்ந்து வேரை மூடி வைத்திருந்தன. காரையை எடுத்து வீக்கம் வற்றியதும் ஈறு சுருங்கிப் பின்வாங்குகிறது, வேர் வெளியே வந்துவிடுகிறது. வேரின் மேல் எனாமலே கிடையாது. அங்கே இருக்கும் டென்டினில் (எனாமலைவிட மென்மையான, பல்லின் உள்பகுதி) கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் நரம்புப் பக்கம் வரை போகின்றன, குளிர்ந்த தண்ணீரோ காற்றோ பட்டதும் அதற்குள் இருக்கும் திரவம் அசைகிறது, உடனே சுளீர்!

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கு 3 மி.மீ. வரை இருந்தால் சரி, எனக்கு இடது பக்க மேல் பற்களில் 5, 6 என்று இருந்தது. கூச்சமும் அங்கேதான் அதிகம். முதல் வாரம் காலையில் பைக்கில் போகும்போது வாயைத் திறந்து பேச முடியாது, குழாய்த் தண்ணீரில் கொப்பளித்தால் கண்ணில் நீர் வந்துவிடும். இந்த முதல் வேகம் சில வாரங்களில் தானாகவே கொஞ்சம் அடங்கும்.

சரி, பேஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். மருந்துக்கடையில் கிடைக்கும் கூச்சப் பேஸ்ட் எல்லாம் ஒன்றல்ல, பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். சென்சோடென்ட்-கே மாதிரியானவற்றில் 5% பொட்டாசியம் நைட்ரேட் இருக்கும், அது நரம்பைச் சமாதானப்படுத்தும் வகை. இரண்டு முதல் நான்கு வாரம் காலையும் இரவும் விடாமல் தேய்த்தால்தான் தெரியும், நாலு நாளில் "ஒண்ணும் ஆகலை" என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். வான்டேஜ் மாதிரி நோவாமின் (கால்சியமும் பாஸ்பேட்டும் கொண்ட ஒரு கண்ணாடித் தூள்) உள்ளவை வேறு வகை, நுண்குழாய்களின் வாயில் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து அடைக்கின்றன. முதலில் நைட்ரேட், ஒரு டியூப் தீர்ந்த பிறகு நோவாமின் என்று போனேன், எனக்கு இரண்டாவதுதான் கேட்டது. சுண்ணாம்பு நக்கிய மாதிரி ஒரு ருசி, நுரையும் வராது, பழகிவிடும்.

பேஸ்ட்டைவிட முக்கியம், தேய்த்த பிறகு என்ன செய்கிறோம் என்பது. நம் வீடுகளில் தேய்த்து முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் விட்டு கொப்பளிக்கிற வழக்கம், போட்ட மருந்தெல்லாம் வாஷ்பேசினோடு போகும். துப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். இரவில் தேய்த்த பிறகு விரல் நுனியில் பட்டாணி அளவு எடுத்து, கூசுகிற பல்லின் ஈறு ஓரத்தில் தடவிவிட்டுப் படுப்பேன். இதைத் தொடங்கிய பிறகுதான் பானைத் தண்ணீரைப் பயமில்லாமல் குடித்தேன்.

கிராம்பு எண்ணெய் சொல்லும் அத்தைகளுக்கு: கொஞ்ச நேரம் மரத்துப்போகும், அவ்வளவுதான், அப்படியே வைத்தால் ஈறு வெந்துவிடும். பற்பொடி, கரித்தூள் பக்கமே போகாதீர்கள், வேர் எனாமலைவிட மென்மையானது, சீக்கிரம் தேயும். பிரஷ் சாஃப்ட் மட்டுமே. காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைத் தண்ணீர் குடிக்கும் கட்சிக்காரர்கள் அதை நிறுத்திப் பாருங்கள், புளிப்பு எதுவானாலும் குடித்த கையோடு பல் தேய்க்காமல் அரை மணி நேரம் விடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு கடைவாய்ப் பல் மட்டும் அடங்கவில்லை. அதற்கு டாக்டர் ஃபுளோரைடு வார்னிஷ் தடவினார், மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், அன்று இரவு தேய்க்கக் கூடாது. சில மாதம் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதை. ஈறு ஓரத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்ததால் கடைசியில் அங்கே சிமென்ட் வைத்து அடைத்தார்கள், அதோடு தீர்ந்தது. பள்ளம் விழுந்த பல்லுக்கு பேஸ்ட்டையே நம்பிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

இப்போதைய நிலவரம்: மோர், இளநீர் பிரச்சினை இல்லை. ஐஸ்கிரீமை முன்பல்லால் கடிக்க மட்டும் முடியாது. ஈறு இறங்கியதில் பற்களுக்கு நடுவே சந்து விழுந்திருக்கிறது, மாம்பழ நாரும் கீரையும் சரியாக அங்கே போய் உட்காரும், அதற்கு இடுக்கு பிரஷ் தனியாக வேண்டும். இந்தக் கூச்சம் தொட்டவுடன் வந்து சில நொடிகளில் போய்விடும். சூடு பட்டு வலி நின்றுகொண்டே இருந்தாலோ, இரவில் தானாக விண்ணென்று தெறித்தாலோ அது வேறு சமாச்சாரம், டாக்டரைப் பாருங்கள்.

கூச்சத்துக்குப் பயந்து அடுத்த செக்கப்பைத் தள்ளிப் போடாதீர்கள், எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பல் கூசும் என்று உட்கார்ந்தவுடனே சொல்லிவிட்டால் அந்த இடத்தில் மரப்பு ஜெல்லோ ஊசியோ போட்டுத்தான் தொடங்குகிறார்கள்.