கட்டங்களா, தொடர்பரப்பா: ஸ்ட்ரைக் மண்டலத்தில் பேட்டரின் திறனை அளத்தல்

1941இல் 0.406 சராசரியுடன் (அடிக்கும் வாய்ப்புகளில் ஹிட் ஆனவற்றின், அதாவது பந்தை அடித்துப் பேஸைப் பத்திரமாக அடைந்தவற்றின் விகிதம்) ஆடிய அமெரிக்க பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ், பின்னாளில் ஸ்ட்ரைக் மண்டலத்தை (ஹோம் பிளேட் என்னும் தரைத்தட்டுக்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட பகுதியை) ஒரு படத்தில் 77 பந்துகளால் நிரப்பிக் காட்டி, நடுப்பகுதியில் தமக்கு 0.400 என்றும், வெளிப்புறக் கீழ்மூலையில் 0.230 என்றும் மதிப்பிட்டார். அது அவருடைய அனுபவக் கணிப்பு. அதே படத்தை இன்று தரவிலிருந்து வரைய இரு வழிகள் உள்ளன.

மண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டந்தோறும் ஹிட் விகிதம் காண்பது முதல் வழி. பயிற்சியாளருக்கும் இது உடனே விளங்கும். ஆனால் ஒரு பருவத்தின் 500 முடிவுகளை 77 கட்டங்களில் பரப்பினால், கட்டத்துக்குச் சராசரியாக ஆறு, ஏழுதான் தேறும். ஏழில் ஒரு ஹிட் கூடினாலே சராசரி 0.143 உயர்ந்துவிடுவதால், வண்ணப்படத்தில் பளிச்சென்று தெரியும் வேறுபாடுகளில் பெரும்பகுதி தற்செயலாகவே இருக்கக்கூடும். கட்டங்களை ஒன்பதாகக் குறைத்தால் இந்தத் தற்செயல் ஏற்ற இறக்கம் அடங்கும். ஆனால் ஒரே கட்டத்துக்குள் நடுவும் ஓரமும் கலந்துவிடும்.

பந்து ஹோம் பிளேட்டைக் கடந்த பக்கவாட்டு இடம், உயரம் ஆகிய இரண்டையும் கொண்டு ஹிட்டின் நிகழ்தகவைத் தொடர்பரப்பாக வரைவது இரண்டாவது வழி. பிளேட்டின் அகலமே 17 அங்குலம்தான்; அதில் ஓர் அங்குலம் தள்ளி வந்த பந்து முற்றிலும் வேறு பந்தல்ல என்ற இயல்பான உண்மையை இம்முறை மதித்து, அண்டை இடங்களின் தரவையும் பயன்படுத்திக்கொள்கிறது. ஒரு தனி பேட்டரை ஆராய்வதற்கு இதையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். எனினும், பேட்டர் அரிதாகவே மட்டையை வீசும் மூலைகளில் பரப்பு சொல்வது பெரும்பாலும் ஊகமே. அங்கே நிச்சயமின்மையின் அளவையும் சேர்த்து வரைய வேண்டும். ஒரு லீக் முழுவதன் தரவும் கையிலிருந்தால் கட்டங்களே போதும்.