ஓல்ட் கோர்ஸ், ஓக்மான்ட், பைன்ஹர்ஸ்ட்: யாருடைய கிரீன்கள் உசத்தி?

கோல்ஃப் மைதானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, ‘கிரீன் வேகம் எவ்வளவு?’ கிரீன் என்பது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை; அதில் பந்து எவ்வளவு தூரம் உருள்கிறது என்பதே வேகம். அது வாரத்துக்கு வாரம் மாறுவது. புல்லை இன்னும் ஒட்ட வெட்டி ரோலர் ஓட்டினால் ஏறும், நாலு நாள் மழை பெய்தால் இறங்கும். 18 கிரீன்களையும் சேர்த்து எடைபோட வேறு மூன்று கேள்விகள் வேண்டும். கொடி நிற்கும் இடம் டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) நிற்கும்போதே யோசிக்க வைக்கிறதா? தவறிய பந்துக்கு எத்தனை வழி மிச்சமிருக்கிறது? ஒரு கிரீனில் பலித்த தந்திரம் அடுத்ததில் பலிக்காமல் போகிறதா?

முதல் கேள்வியில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸை யாரும் நெருங்க முடியாது. அங்கே ஏழு இரட்டைக் கிரீன்கள், அதாவது ஒரே பரப்பில் இரண்டு குழிகள். 2-16, 3-15 என்று பங்கிடும் குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18. தனிக் கிரீன் உள்ளவை 1, 9, 17, 18 மட்டுமே. இரட்டைக் கிரீன்கள் அவ்வளவு பெரியவை என்பதால் ‘கிரீனில் ஏற்றிவிட்டேன்’ என்பதற்கு அங்கே மதிப்பில்லை. தப்பான பாதியில் விழுந்தால் 30 மீட்டர் பட் (தரையோடு உருட்டும் அடி) காத்திருக்கும். 17ஆவது கிரீன் குறுகலாகக் குறுக்கே கிடக்கிறது. முன்னால் ரோடு பங்கர் என்ற மணல்குழி, பின்னால் சாலை. ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் நடுவிலுள்ள வெட்டிய புல்பாதையின்) வலப்பக்கத்திலிருந்து வந்தால் பங்கர் அவ்வளவாகக் குறுக்கிடாது. ஆனால் வலப்பக்கத்தை ஒட்டித்தான் எல்லைக்கோடும் ஓடுகிறது. பயந்து இடப்பக்கம் ஒதுங்கினால் பங்கரைத் தாண்டி அடிக்க வேண்டும். டீயில் காட்டிய பயத்துக்குக் கிரீன் வட்டியோடு வசூலிக்கிறது.

பலவீனமும் உண்டு. 11ஆவது கிரீனின் சரிவு மெதுவான புல்லின் காலத்துக்கானது. வேகம் கூடியதும் இடது பின்பகுதியில் குழி வெட்ட இடமில்லாமல் போய், 2012-13 குளிர்காலத்தில் அதைச் சற்றுத் தணித்தார்கள். அப்படியும் 2015 ஓப்பன் போட்டியில் காற்றுக்குப் பந்துகள் தாமாக நகர்ந்து, ஆட்டம் பத்து மணி நேரத்துக்கும் மேல் நின்றது.

பென்சில்வேனியாவின் ஓக்மான்ட் வேகத்துக்கே பேர் போனது. 1935 யு.எஸ். ஓப்பனை அங்கே பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சனுக்குத்தான் கிரீன் வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டர் கருவி தோன்றியது. ஆனால் அதன் பெருமை வேறிடத்தில், மூன்றாம் கேள்வியில், என்பது என் கட்சி. பெரும்பாலான மைதானங்களில் கிரீன் ஆட்டக்காரரை நோக்கிச் சரிந்து பந்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கே 1, 10, 12 ஆகியவை எதிர்ப்பக்கம், பின்னோக்கிச் சரிகின்றன. கொடியைக் குறிவைத்தால் பந்து பின்னால் ஓடிவிடும். முன்னாலேயே இறக்கி உருளவிட வேண்டும். தரை இறுகியிருக்கும்வரைதான் இந்த வித்தை. நல்ல மழை பெய்து தரை இளகினால் பின்சரிவின் பல் பாதி விழுந்துவிடும்.

இரண்டாம் கேள்விக்கு விடை, வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2. அதை வடிவமைத்த டொனால்ட் ராஸ் 1948இல் இறக்கும்வரை திருத்திக்கொண்டிருந்த மைதானம். கவிழ்த்த கிண்ணம் போன்ற கிரீன்கள். ஓரத்தில் விழுந்த பந்து தங்காது. பரப்பு பெரிதாகத் தெரிந்தாலும் பந்து நிற்கும் பகுதி சிறியது. வழிந்த பந்தை வாங்குவது ரஃப் (உயரமாக வளர்ந்த புல்) அல்ல, ஒட்ட வெட்டிய புல். அங்கிருந்து பட்டர் மட்டையாலும் உருட்டலாம், வெட்ஜ் மட்டையால் தூக்கலாம், ஹைப்ரிட் மட்டையால் தட்டலாம். 2014இல் மார்ட்டின் கைமர் பெரும்பாலும் பட்டரை எடுத்தே யு.எஸ். ஓப்பனை வென்றார். மூன்றாம் கேள்வியில்தான் பைன்ஹர்ஸ்ட் சறுக்குகிறது: பெரும்பாலான கிரீன்களில் ‘நடுவில் இறக்கு’ என்ற ஒரே பாடம் போதும்.

ஆக என் வரிசை: ஓல்ட் கோர்ஸ், ஓக்மான்ட், பைன்ஹர்ஸ்ட். 15க்கு மேல் ஹேண்டிகேப் (திறன் குறையக் குறைய ஏறும் எண்) உள்ளவருக்கு மட்டும் பைன்ஹர்ஸ்ட்டை ஓக்மான்ட்டுக்கு முன்னால் வைப்பேன். தவறினாலும் பட்டரோடு பிழைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மைதானத்தை எடைபோட ஸ்டிம்ப்மீட்டரோடு ஒரு சரிவுமானியும் எடுத்துப் போங்கள். ஸ்டிம்ப்மீட்டர் 36 அங்குல அலுமினியப் பட்டை. பள்ளத்தில் பந்தை வைத்து மெல்ல உயர்த்தினால் ஏறத்தாழ 20 பாகையில் உருளும். சமதளத்தில் மூன்று பந்து, அதே தடத்தில் எதிர்த்திசையில் மூன்று. ஓடிய தூரங்களின் சராசரியே வேகம். சரிவில் அளந்துவிட்டு வெறும் சராசரி எடுப்பதுதான் வழக்கமான தவறு. ஏற்றத்தில் 8 அடி, இறக்கத்தில் 15 அடி என்றால் சராசரி 11.5 என்று பெருமைப்படலாம். இரண்டையும் பெருக்கி, இரட்டித்து, கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது 10.4தான். வேகம் 11ஐ ஒட்டிவிட்டால், குழியைச் சுற்றி 3 சதவீதத்துக்கு மேல் சரியும் இடத்தைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு கிரீனிலும் குழி வெட்டத் தகுந்த இடம் எத்தனை மிஞ்சுகிறது, அவை ஃபேர்வேயின் வெவ்வேறு பக்கங்களைக் கேட்கின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள்.